புது வீட்டுச் சுவரில் ஈரம்: கலிஃபோர்னியாவில் பில்டர் மீது வழக்குக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

2022 டிசம்பர் கடைசியில் பிடித்த மழை ஜனவரி பாதி வரை விடவில்லை. அப்போது கலிஃபோர்னியாவில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த மழையில் ஒரு நாள் காலை, மகளின் அறையில் ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் கட்டியிருந்தது. விரலால் அழுத்தினால் சுவர் மெத்தென்று உள்ளே போனது. கொப்புளத்தைச் சுற்றி, டீ சிந்திக் காய்ந்தது போல ஒரு பழுப்பு வளையம். வீடு வாங்கி மூன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

பில்டரின் இணையதளத்தில் புகார் பதிந்தேன். இரண்டாம் நாள் பதில் வந்தது: ஓராண்டு வாரன்ட்டி முடிந்துவிட்டது, வருந்துகிறோம். புகாரையும் மூடிவிட்டார்கள். சரி, நம் தலையெழுத்து என்று நினைத்து, சுவரை உடைத்துப் பார்க்க ஒரு கான்ட்ராக்டருக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டேன். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர்தான் தடுத்தார். "அண்ணா, சுவர்ல கை வைக்காதீங்க. ஜன்னல் வழியா தண்ணி வந்தா பத்து வருஷம் வரைக்கும் பில்டர்தான் பொறுப்பு. முதல்ல அவங்களுக்கு முறைப்படி ஒரு லெட்டர் போடுங்க."

அந்தக் கடிதம்தான் என் ஜன்னலைச் சரிசெய்து கொடுத்தது. அதற்கப்புறம், 'வாரன்ட்டி முடிந்தது' என்ற ஒற்றை வரியை நம்பிக் கைக்காசை இறைத்த பல தமிழ்க் குடும்பங்களைப் பார்த்துவிட்டேன். பில்டர் தரும் வாரன்ட்டி வேறு, சட்டம் தரும் காலம் வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் இத்தனை பணமும் போகிறது. நான் வழக்கறிஞர் இல்லை. அஸ்திவாரம் விரிவது போன்ற பெரிய விவகாரம் என்றால், முதல் கடிதத்துக்கு முன்பே கட்டுமான வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். மற்றவற்றுக்கு நீங்களே இறங்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கட்டுமானத்தில் குறை இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்தக் குறையால் உடைமைக்கோ உடம்புக்கோ சேதம் ஏற்பட்டிருந்தால்தான் கவனக்குறைவு என்று சொல்லி நஷ்ட ஈடு கேட்கலாம் என்றது. அதாவது, தீத்தடுப்புச் சுவரைத் தப்பாகக் கட்டியிருந்தாலும், தீப்பிடிக்கும் வரை அந்த வழியில் கேட்க முடியாது. வீட்டுக்காரர்கள் கொதித்துப் போனார்கள். பில்டர்கள் பக்கத்திலும் ஒரு குறை இருந்தது: எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் சரிசெய்து கொடுத்திருப்போமே, நேராகக் கோர்ட்டுக்குப் போகிறார்களே என்றார்கள். இரண்டு தரப்பும் பேசி வந்த ஒப்பந்தம்தான் 2002இல் கவர்னர் கிரே டேவிஸ் கையெழுத்திட்ட எஸ்.பி. 800 என்ற சட்டம். சிவில் சட்டத் தொகுப்பில் 895 முதல் 945.5 வரையிலான பிரிவுகள். வீட்டுக்காரருக்கு, வீடு எப்படி இருக்க வேண்டும் என்ற தரப் பட்டியல் கிடைத்தது. சேதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பில்டருக்கு, வழக்குக்கு முன் வந்து பார்த்துச் சரிசெய்யும் உரிமை கிடைத்தது.

சென்னையில் அடுக்குமாடி வாங்கியவர்களுக்கு ரெரா சட்டம் தெரிந்திருக்கும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் குறையைச் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் இழப்பீடு கேட்கலாம். கலிஃபோர்னியாவில் படிகள் அதிகம், நாள் கணக்கும் நுணுக்கம். ஆனால் பில்டர் ஒரு படியில் தவறினாலும் நமக்கு நேராகக் கோர்ட் வாசல் திறக்கிறது. ஆகவே காலண்டரில் குறித்துக்கொண்டு நடப்பவர்தான் இதில் ஜெயிப்பார்.

உங்கள் வீடு இதில் வருமா?

முதன்முதலாக 2003 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு விற்கப்பட்ட புது வீடாக இருக்க வேண்டும். தனி வீடும் வரும், டவுன்ஹவுஸ், காண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடும் வரும். வாடகைக் குடியிருப்பாக இருந்து பின்னால் காண்டோவாக மாற்றி விற்றவை வராது. நீங்கள் முதல் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. 2018இல் கட்டிய வீட்டை 2023இல் இன்னொருவரிடமிருந்து வாங்கியிருந்தாலும் மிச்சமுள்ள காலத்துக்கு இந்த உரிமை உங்களுக்கு வரும். அதே படிகளும் உங்களைக் கட்டுப்படுத்தும். இது பலருக்குத் தெரிவதில்லை.

எந்தக் குறைக்கு எத்தனை காலம்

தண்ணீர் புகுதல், அஸ்திவாரம், தாங்கு சுவர்கள், மண் நகர்வு போன்ற கனமான விஷயங்களுக்கு 10 ஆண்டு. கதவு, ஜன்னல், கூரை, ஸ்டக்கோ என்ற வெளிச்சுவர்ச் சிமென்ட் பூச்சு வழியாகத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எழுதியிருக்கிறது. இந்த 10 ஆண்டு நீங்கள் சாவி வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. கட்டி முடித்த நாளிலிருந்து ஓடுகிறது. விற்காமல் சில மாதம் சும்மா கிடந்த வீட்டை வாங்கியிருந்தால் அந்த மாதங்கள் உங்கள் கணக்கில் கழிந்திருக்கும். கட்டி முடித்ததற்கான அறிவிப்பைக் கவுன்ட்டி பதிவு அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால் தேதி அதிலேயே கிடைக்கும்.

மற்றவை குறுகிய காலம். குழாய், கழிவுநீர் அமைப்பு ஒழுங்காக வேலை செய்யாததற்கும் மின்சாரத்துக்கும் எஸ்க்ரோ முடிந்த நாளிலிருந்து, அதாவது வீட்டு விற்பனை முடிந்த நாளிலிருந்து, 4 ஆண்டு. டிரைவ்வே, நடைபாதை, பேட்டியோ கான்கிரீட்டில் அளவுக்கு மீறிய விரிசலுக்கும் 4 ஆண்டு. வெளிப் பெயின்டுக்கு 5. உலர்த்தும் மெஷினின் காற்றுக் குழாய்க்கு 2. மருந்து பூசாத மர வேலிக் கம்பங்களுக்கும் 2. தோட்டத்து நீர்ப்பாசனக் குழாய்க்கும், ஒட்டிய வீட்டிலிருந்து வரும் சத்தத்துக்கும் ஓராண்டுதான். காண்டோ வாங்கியவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் குடிவந்த முதல் சில மாதங்களிலேயே கவனித்துவிடுங்கள். மேல் வீட்டுக் காலடிச் சத்தத்தைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஓராண்டைத் தாண்டிவிட்டால் அப்புறம் இந்தச் சட்டத்தில் வழியில்லை.

சில தரங்கள் துல்லியமானவை. குடியிருக்கும் எந்த அறையிலும், தரையிலிருந்து 3 அடி உயரத்தில் 70 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் நிலைக்கும்படி ஹீட்டர் அமைந்திருக்க வேண்டும். 'அந்த அறை கொஞ்சம் குளிராகத்தான் இருக்கும்' என்று விற்பனையாளர் சொல்வதைக் கேட்டுச் சமாதானமாகிவிட வேண்டாம். ஒரு தெர்மாமீட்டரை அந்த உயரத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

கேபினெட், முகம் பார்க்கும் கண்ணாடி, தரை, சமையல் மேடை, உள்பெயின்ட் போன்ற பூச்சு வேலைகளுக்குக் குறைந்தது ஓராண்டு வாரன்ட்டி தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. எனக்குப் பதில் அனுப்பியவர் சொன்ன ஓராண்டு இதுதான். ஜன்னல் வழியாக வரும் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் காகிதங்களைத் தேடி எடுங்கள்

வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட அந்தத் தடிமனான கட்டைப் பரணிலிருந்து இறக்குங்கள். அதில் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்.

ஒன்று, இந்தச் சட்டத்தின் நடைமுறை உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்லும் பக்கம். பில்டர் இதை விற்பனைக் காகிதங்களோடு தந்து, உங்கள் சுருக்கக் கையெழுத்தையும் வாங்கியிருக்க வேண்டும். சில பில்டர்கள் சட்டத்தில் உள்ள நடைமுறைக்குப் பதிலாகத் தங்கள் சொந்த நடைமுறையைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அப்படியென்றால் நான் கீழே சொல்லும் நாள் கணக்கு மாறும். அவர்கள் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி போங்கள். அந்தச் சொந்த நடைமுறை செல்லாது என்று கோர்ட் சொல்லிவிட்டால், அவர்கள் திரும்பவும் சட்டத்தின் நடைமுறைக்கு வர முடியாது.

இரண்டு, நோட்டீஸ் அனுப்ப வேண்டிய முகவரின் பெயர். விற்பனை அலுவலகத்துக்கோ, சைட்டில் பழக்கமான சூப்பரின்டெண்டுக்கோ அனுப்பினால் அது நோட்டீஸ் ஆகாது என்று பின்னால் வாதம் வரும். காகிதத்தில் இல்லையென்றால் மாநிலச் செயலர் அலுவலகத்தின் பதிவில் தேடலாம்.

மூன்று, பராமரிப்புக் கையேடு. இதில்தான் நம் ஆட்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பில்டர் சொன்ன நியாயமான பராமரிப்பை நீங்கள் செய்யவில்லை என்றாலோ, வீட்டை மாற்றிக் கட்டியதால் குறை வந்தது என்றாலோ, அந்த அளவுக்கு அவர் பொறுப்பிலிருந்து தப்பிக்கலாம். ஸ்டக்கோ சுவரின் அடியில் ஓர் உலோகப் பட்டை ஓடும், பார்த்திருப்பீர்கள். சுவருக்குள் போன நீர் அதன் வழியாகத்தான் வெளியே வடியும். மண் தரைக்கு மேலே 4 அங்குலமாவது, கான்கிரீட்டுக்கு மேலே 2 அங்குலமாவது அது தூக்கி இருக்க வேண்டும். மல்லிகை வைக்கிறேன் என்று சுவரோரம் மண்ணை மேடாகக் கொட்டி அந்தப் பட்டையை மூடிவிட்டால், சுவர் ஊறியதற்குக் காரணம் நீங்கள்தான் என்று சொல்ல பில்டருக்கு எளிதாகிவிடும். கடிதம் போடும் முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து இதைப் பார்த்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று கேட்கலாம். நீங்கள் எழுதிக் கேட்டால், வீட்டின் வரைபடங்கள், மண் பரிசோதனை அறிக்கை, பொறியியல் கணக்குகள், பொருட்களின் வாரன்ட்டி எல்லாவற்றையும் 30 நாளுக்குள் பில்டர் தர வேண்டும். நகல் எடுக்கும் செலவு மட்டும் உங்களுடையது.

சுவரை உடைக்காதீர்கள், ஆனால் நனையவும் விடாதீர்கள்

நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டால் சாட்சியும் போய்விடும், பார்க்கும் வாய்ப்பே எங்களுக்குத் தரவில்லை என்று பில்டர் சொல்லவும் இடம் கிடைக்கும். அதே சமயம், சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் கடமை உங்களுக்கு உண்டு. கட்டிலை நகர்த்துங்கள், வெளியில் பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டுங்கள், மின்விசிறி போட்டுக் காய வையுங்கள். குழாய் வெடித்துக் கொட்டுவது போன்ற அவசரம் என்றால் தண்ணீரை மூடி, பிளம்பரைக் கூப்பிட்டு நிறுத்துங்கள். அதையும் உடனே பில்டருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

படம் எடுக்கும்போது அளவுகோலோ டேப்போ பக்கத்தில் வைத்து எடுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதே கோணத்தில் எடுங்கள். நான் பென்சிலால் கறையின் எல்லையைச் சுவரிலேயே வரைந்து தேதி போட்டேன். ஜனவரி 4, ஜனவரி 9, ஜனவரி 14 என்று மூன்று கோடுகள், குளத்தில் நீர்மட்டம் ஏறுவது போல ஒன்றுக்கு வெளியே ஒன்று. பின்னால் சோதிக்க வந்தவர் அதிகம் கேள்வியே கேட்கவில்லை. அந்தக் கோடுகளைப் படமெடுத்துக்கொண்டார்.

கடிதம்

"போர்ட்டல்லதான் டிக்கெட் போட்டாச்சே, அது போதாதா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். போதாது. போன் பேச்சும் போதாது. சர்டிஃபைட் மெயில், ஓவர்நைட் மெயில், நேரில் கொடுப்பது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். நான் சர்டிஃபைட் மெயிலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பச்சை அட்டையும் கேட்டேன். கையெழுத்தோடு அது திரும்பி வந்த தேதியிலிருந்துதான் என் கணக்கு எல்லாம்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பெயர், வீட்டு முகவரி, உங்களை எப்படித் தொடர்பு கொள்ள வேண்டும், இந்தச் சட்டத்தின் கீழ் மீறல் நடந்திருக்கிறது என்ற வாக்கியம், குறை என்ன, எங்கே என்ற விவரம். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுப்பகுதிக்குச் சாரம் இப்படி இருக்கட்டும்:

'மேற்கண்ட வீட்டின் உரிமையாளர் நான். சிவில் சட்டத் தொகுப்பின் 895 முதலான பிரிவுகளின் கீழ் கட்டுமானத் தரங்கள் மீறப்பட்டுள்ளன என்று 910ஆம் பிரிவின்படி அறிவிக்கிறேன். மாடியில் மேற்குப் பக்கப் படுக்கையறை ஜன்னல் வழியாக மழைநீர் உள்ளே வருகிறது. ஜன்னலின் கீழ் இடது மூலையிலிருந்து சுமார் 2 அடி அகலத்துக்குச் சுவர் ஊறிக் கறை படிந்திருக்கிறது. முதலில் கவனித்த நாளும் படங்களும் இணைப்பில் உள்ளன. இதே காரணத்தால் மற்ற ஜன்னல்களிலும் மீறல் இருக்கலாம்.'

காரணத்தை நீங்கள் கண்டுபிடித்து எழுத வேண்டியதில்லை. ஸ்டக்கோ மோசம், அதற்குள் இருக்கும் நீர்த்தடுப்புக் காகிதம் கிழிந்திருக்கிறது என்று ஊகித்து எழுதினால் பேச்சு அந்த ஊகத்தைச் சுற்றியே ஓடும். கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். கோபத்தையும் கடிதத்தில் கொட்டாதீர்கள். பின்னால் நீதிபதியோ சமரசம் பேசுபவரோ படிக்கப்போகும் காகிதம் அது.

14 நாள்

கடிதம் கிடைத்த 14 நாளுக்குள், கிடைத்தது என்று பில்டர் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்த நடைமுறையிலிருந்து உங்களுக்கு விடுதலை. நேராக வழக்குப் போடலாம். 2017இல் ஒரு மேல்முறையீட்டு வழக்கில், நோட்டீஸில் போதுமான விவரம் இல்லை என்று தாமதமாகச் சொன்ன பில்டரின் வாதம் எடுபடவில்லை. விவரம் போதவில்லை என்றால் அதையும் அந்த 14 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஆனாலும் 15ஆம் நாளே வழக்கறிஞரிடம் ஓட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வீடு சரியாவதுதான் நமக்கு வேண்டியது. காலம் தவறியதைக் குறிப்பிட்டு, உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்து, இன்னொரு கடிதம் அனுப்பிப் பார்க்கலாம். எனக்கு 11ஆம் நாள் பதில் வந்தது. போர்ட்டலில் வாரன்ட்டி முடிந்தது என்று சொன்ன அதே நிறுவனம், இந்த முறை வேறு தொனியில் சோதனைக்கு நாள் கேட்டது.

சோதனை நாள்

பதில் தந்த அடுத்த 14 நாளுக்குள் முதல் சோதனை முடிய வேண்டும். நாளும் நேரமும் இரு தரப்புக்கும் தோதாக இருக்க வேண்டும். கேட்ட நாளுக்கெல்லாம் லீவு போட வேண்டியதில்லை. செலவு முழுக்க பில்டருடையது. சோதனைக்காக எதையாவது பிரித்தால் 48 மணி நேரத்துக்குள் பழையபடி ஆக்கித் தர வேண்டும். அன்று நீங்கள் கூட நிற்கலாம், படமும் வீடியோவும் எடுக்கலாம். இது சட்டம் தந்த உரிமை, தயங்க வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வெளியே ஏணியில். ஜன்னல் அகலத்துக்கு ஒரு குழாய், அதில் வரிசையாகச் சின்ன மூக்குகள். கீழ்ச் சட்டத்தில் ஆரம்பித்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே நகர்த்தித் தண்ணீர் அடித்தார். எடுத்த எடுப்பில் உச்சியில் அடித்தால் எந்த மட்டத்தில் ஓட்டை என்று தெரியாதாம். இன்னொருவர் உள்ளே, சுவரில் இரண்டு ஊசிகளை அழுத்தி ஈரம் அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஜன்னல் சட்டத்தின் இடது மூலையில் ஒரு சொட்டு திரண்டு, கொஞ்சம் தயங்கி, பென்சில் கோடுகளைத் தாண்டி வழிந்தது. ஊசிக் கருவி கீச்சிட்டது. அந்த ஒரு நிமிட வீடியோவைத்தான் கடைசி வரை பத்திரமாக வைத்திருந்தேன்.

முதல் சோதனை போதாது என்று பட்டால், அதிலிருந்து 3 நாளுக்குள் பில்டர் எழுதிக் கேட்டு, இரண்டாவது சோதனை செய்யலாம். அது முதல் சோதனையிலிருந்து 40 நாளுக்குள் முடிய வேண்டும்.

ரிப்பேர் யோசனை வந்ததும்

சோதனை முடிந்த 30 நாளுக்குள், என்ன செய்யப்போகிறோம் என்று பில்டர் எழுத்தில் தரலாம். தராவிட்டால் நீங்கள் வழக்குக்குப் போகலாம். தந்தால் நிதானமாகப் படியுங்கள். எந்தக் குறை, எந்த இடம், என்ன வேலை, எப்போது முடியும், எந்த கான்ட்ராக்டர், அவருடைய லைசென்ஸ் எண் என்ன, எல்லாம் இருக்க வேண்டும். லைசென்ஸ் எண்ணை மாநில கான்ட்ராக்டர் உரிம வாரியத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. நீங்கள் சொன்ன குறைகளில் சிலவற்றை மட்டும் சரிசெய்வதாகச் சொன்னால், மற்றவற்றை ஏன் விடுகிறோம் என்பதையும் அவர்கள் காரணத்தோடு எழுத வேண்டும்.

எங்களுக்கு வந்த முதல் யோசனை, ஜன்னலைச் சுற்றி வெளியில் சீலன்ட் பூசி, உள்ளே சுவரை மாற்றிப் பெயின்ட் அடிப்பது. பெரும்பாலும் முதலில் இதுதான் வரும். சீலன்ட் இரண்டு மழைக்காலம் தாங்கும், அப்புறம் பழைய கதை. ஸ்டக்கோவைப் பிரித்து உள்ளே இருக்கும் நீர்த்தடுப்பைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று வீடியோவோடு எழுதினேன்.

பதில் சொல்ல உங்களுக்கு 30 நாள் உண்டு. அந்த கான்ட்ராக்டர் மேல் நம்பிக்கை இல்லையென்றால், பில்டருக்குச் சொந்தமில்லாத, அவர் கட்டுப்பாட்டிலும் இல்லாத வேறு மூன்று கான்ட்ராக்டர்கள் வரை பெயர் தரும்படி கேட்கலாம். 35 நாளுக்குள் அவர்கள் தர வேண்டும். நீங்கள் 20 நாளுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டைக் கட்டிய அதே சப்-கான்ட்ராக்டரே ரிப்பேருக்கும் வருவது சாதாரணமாக நடப்பதால், இந்த உரிமையைக் கட்டாயம் யோசியுங்கள்.

யோசனையோடு சமரசப் பேச்சுக்கான அழைப்பும் இருக்க வேண்டும். சமரசம் பேசுபவரின் செலவு பில்டருடையது, அதிகபட்சம் 4 மணி நேரம். அவரைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கும் பங்கு வேண்டுமென்றால் செலவைப் பாதி ஏற்றுக்கொள்ளலாம். நாங்கள் அதுவரை போகவில்லை. வீடியோவே போதுமானதாக இருந்தது.

வேலை நடக்கும்போது

நீங்கள் சம்மதித்த 14 நாளுக்குள் வேலை தொடங்க வேண்டும். பெர்மிட் வேண்டிய வேலை என்றால் பெர்மிட் கிடைத்த 5 நாளுக்குள். 120 நாளுக்குள் முடிக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். இங்கேயும் கூட நின்று படமெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, வீட்டில் யாராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டக்கோவை வெட்டி எடுத்தபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. கூரை வேய்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்: அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் படிய வேண்டும். ஜன்னலுக்கு அடியில் ஒட்டியிருந்த தடுப்புப் பட்டை, கீழே உள்ள தார்க் காகிதத்தின் மேல் படிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் காகிதம் பட்டைக்கு மேலே வந்திருந்தது. ஜன்னலில் இறங்கிய நீரெல்லாம் வெளியே வடியாமல் காகிதத்துக்குப் பின்னால் நேராக மரச்சட்டத்துக்குப் போயிருக்கிறது. மரம் கறுத்திருந்தது, நல்லவேளை உளுத்துப்போகவில்லை. அதே ஆள் கட்டிய பக்கத்து ஜன்னலையும் திறக்கச் சொன்னேன். அதிலும் அதே தப்பு. 'மற்ற ஜன்னல்களிலும் இருக்கலாம்' என்று கடிதத்தில் எழுதிய ஒரு வரி அன்று கைகொடுத்தது.

எதில் கையெழுத்துப் போடக்கூடாது

வேலை முடிந்ததும் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். வேலை நடந்தது என்பதற்கான ஒப்புகை என்றால் சரி. இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதியிருந்தால் போடாதீர்கள். ரிப்பேர் செய்து கொடுத்ததற்குப் பதிலாக உரிமை விடுதலைப் பத்திரம் வாங்க பில்டருக்கு அனுமதி இல்லை என்று 926ஆம் பிரிவு சொல்கிறது. ரிப்பேருக்குப் பதில் பணம் தருகிறோம் என்றால் விஷயம் வேறு: அப்போது விடுதலைப் பத்திரம் கேட்கலாம், நீங்கள் பேரம் பேசலாம். அந்தத் தொகை போதுமா என்று வெளியில் ஒரு மதிப்பீடு வாங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுவரைத் திறந்தால்தான் மரத்தின் நிலை தெரியும்.

இத்தனைக்கும் பிறகு சரியாகாவிட்டால்

அப்போது வழக்கு உங்கள் கையில். படிகளைத் தாண்டிக் குதித்து முதலிலேயே வழக்குப் போட்டால், அதை நிறுத்திவைக்கச் சொல்லி பில்டர் கேட்கலாம். அந்த மனுவில் ஜெயிப்பவருக்கு வழக்கறிஞர் செலவும் கிடைக்கக்கூடும். பேக்கர்ஸ்ஃபீல்டில் 37 வீடுகளின் சொந்தக்காரர்கள் தொடர்ந்த மெக்மில்லின் ஆல்பனி வழக்கில் இதுதான் நடந்தது. உடைமைக்குச் சேதம் வந்திருந்தாலும், வேறு பெயரில் வழக்கைத் தொடுத்தாலும், இந்த நடைமுறையை முடித்துவிட்டு வர வேண்டும் என்று 2018 ஜனவரியில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ரிப்பேர் செலவு, ரிப்பேரால் வந்த சேதம், வெளியில் தங்கிய செலவு, பொருட்களை வைத்துக் காத்த செலவு, குறையைக் கண்டுபிடிக்க ஆன நியாயமான செலவு, இவற்றைக் கேட்கலாம். வழக்கறிஞர் கட்டணம் தானாக வராது; ஒப்பந்தத்தில் இருந்தால்தான். உங்கள் ஒப்பந்தத்தில் கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்ப்பு என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொகை 12,500 டாலருக்குள் என்றால் வழக்கறிஞர் இல்லாமலே சிறுவழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். இந்தப் படிகளில் கழியும் நாட்களால் உங்கள் காலக்கெடு தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்: நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து ரிப்பேர் முடிந்து 100 நாள் வரை அது நீட்டிக்கப்படும். ஆனால் பத்தாவது ஆண்டின் கடைசி மாதங்களில் இருக்கிறீர்கள் என்றால் நாளைக்கே வழக்கறிஞரைப் பாருங்கள், இந்தக் கணக்கை நீங்களே போடாதீர்கள்.

காண்டோவும் மற்ற மாநிலங்களும்

காண்டோவில் கூரை, வெளிச்சுவர், பொதுக் குழாய் எல்லாம் எச்.ஓ.ஏ. என்ற வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத்தின் பொறுப்பு. சங்கம்தான் நோட்டீஸ் தர வேண்டும்.  உங்கள் வேலை, சங்கக் கூட்டத்தில் படங்களோடு எழுந்து நின்று சொல்லி, அதை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் செய்வது.

வேறு மாநிலத்தில் இருக்கிறீர்களா? தத்துவம் ஒன்றுதான், நாள்தான் மாறும். டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் வழக்குக்கு 60 நாள் முன்பு பில்டருக்கு எழுத வேண்டும். அரிசோனாவில் 90 நாள், வாஷிங்டன் மாநிலத்தில் 45 நாள். பொறுப்புக் காலமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவின் பத்து ஆண்டு அங்கேயும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் பச்சை அட்டை, கடிதங்கள், சோதனை வீடியோ, திறந்த சுவரின் படங்கள், ரிப்பேர் செய்தவரின் லைசென்ஸ் எண் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரிடம் இந்த ரிப்பேரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிச் சரியானது என்று காட்ட இந்த ஃபைல் வேண்டும். மிச்சமுள்ள காலத்துக்கு உரிமை அவருக்குப் போகும், அப்போது அவருக்கும் இது தேவைப்படும். எங்கள் வீட்டில் அந்த ஜன்னலுக்குக் கீழே புது பெயின்ட் அடித்து இரண்டு மழைக்காலம் ஆயிற்று. ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் காலை மகள் அந்த மூலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ஞ்சிருக்குப்பா" என்று கீழே குரல் கொடுக்கிறாள்.